கீழ்த்தட்டு பேட்டரியைத் தின்றது யார்?

ஞாயிறு காலை 9.40. கடப்பாக்கம் சவுக்குத்தோப்பை ஒட்டிய வீட்டில் ஃப்ரிட்ஜ் மறுபடியும் செத்துக் கிடந்தது. உள்ளே ஜாக்குலினின் இன்சுலின் சூடேறிக்கொண்டிருந்தது.

சோலார் கம்பெனி இன்ஜினியர் பிரபாவுக்கு இது மூன்றாவது நடை. லீவு நாள் வேறு. செருப்பைக் கழற்றும்போதே கடுப்பு ஏறியது. வாசலில் ஒரு பை கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"யார் ஊருக்குப் போறது?"

"என் தம்பி ஆல்வின்," என்றான் ஸ்டான்லி, ஜாக்குலினின் கணவன். "ஸ்பீக்கரு, போனு, எல்லாத்தையும் சார்ஜ் போட்டே பேட்டரிய சாவடிக்கிறான். என் பொண்டாட்டி உசுரோட வெளையாடறான் மேடம். இன்னிக்கே கெளம்பட்டும்."

ஆல்வின் சுவரைப் பார்த்து நின்றான். "இன்னா சொன்னாலும் நம்பமாட்டான்."

கரண்ட் லைனே வராத வீடு. மாடியில் பேனல், உள்ளே இரும்பு ஸ்டாண்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பேட்டரி. முதல் தடவை கீழ் பேட்டரி வயசாகிச் செத்தது. அது கொலையே இல்லை. பிரபா இரண்டையும் புதிதாக மாற்றினாள். அடுத்த தடவை கீழே இருந்த புதுசே இளைத்தது. சார்ஜ் ஏற்றி, மேலதைக் கீழும் கீழதை மேலுமாக மாற்றி வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது மூடிகளைத் திறந்து ஒவ்வொரு செல்லாக ஆசிட்டை அளந்தாள். மேல் பேட்டரி கல் மாதிரி இருந்தது. கீழ் பேட்டரியில் ஆறு செல்லும் ஒரே அளவாக நோஞ்சான்.

"கெட்ட பேட்டரின்னா ஒரு செல்தான் முதல்ல சாகும். ஆறும் சேர்ந்து இளைச்சா, யாரோ திங்கிறாங்கன்னு அர்த்தம். அதுவும் கீழ்த்தட்டுல மட்டும்!"

"அதான் சொல்றேனே!" ஸ்டான்லி துள்ளினான். "தெனம் நாலு மணிக்கு ஆல்வின் அங்கதான் குனிஞ்சுகினு கீறான். நானே பாத்தேன்."

பிரபா நிமிர்ந்தாள். "நாலு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"மறைமலைநகர்ல. கம்பெனி பஸ் வூடு வந்து சேர எட்டாவும்."

"அப்புறம் எப்படிப் பாத்தீங்க?"

ஸ்டான்லியின் கண் உத்திரத்துக்குப் போய்த் திரும்பியது.

வீடு முழுக்க கரண்ட் இல்லை. ஆனால் பேட்டரிக்கு நேர் மேலே, உத்திரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"அது உங்க கம்பெனி மாட்டினது இல்லியா?" என்றாள் ஜாக்குலின்.

"இல்லம்மா. சிம் போட்ட கேமரா. எங்க இருந்தும் போன்ல பாக்கலாம்." ஒயரைப் பிடித்துக்கொண்டே வந்த பிரபாவின் கை, கீழ் பேட்டரியைக் கடித்திருந்த கிளிப்பில் நின்றது. "ஸ்பீக்கரும் போனும் இன்வெர்ட்டர் வழியா ரெண்டு பேட்டரியையும் சமமாத்தான் குடிக்கும். இது ஒண்ணுதான் ராப்பகலா கீழதை மட்டும் உறிஞ்சியிருக்கு. போன தடவை மாத்தும்போது மத்த ஒயரோட இதையும் நானே திருப்பி மாட்டியிருக்கேன். வேலியே பயிரை மேஞ்சிருக்கு. முதல் பேட்டரி செத்ததும் தம்பியைப் பிடிக்க மாட்டினீங்களா சார்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மூணு நடை!"

கிளிப்பைப் பிடுங்கினாள். சிவப்புப் புள்ளி அணைந்தது.

"பேட்டரி முனையில உப்பு பூக்குதேன்னு தொடைக்கத்தான் குனிஞ்சேன்," என்றான் ஆல்வின். "கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

அவன் வாசலுக்கு நடந்தான். ஸ்டான்லி பின்னாலேயே போனான். "எங்கடா போற?"

"கடக்கரைக்கு. மீன்காரங்ககிட்ட ஐஸ் வாங்க. அண்ணி மருந்து சூடாவுது."

பைக் சத்தம் தோப்பைத் தாண்டிப் போனது. பை வாசலிலேயே கிடந்தது. ஜாக்குலின் கணவனைப் பார்த்தாள்.

ஸ்டான்லி குனிந்து பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.