சீல் போட்ட வெற்றிடம்

எல்லோரும் சௌக்கியமா? மூட்டுவலி தேவலையா? பிரஷர் மாத்திரை போட்டாயிற்றா? போட்டுவிட்டே படியுங்கள். நான் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும்.

நிலாக் குடியிருப்பில் அன்று காலையும் தெய்வானை வழக்கம்போல் இருபது டிரம் இட்லி மாவை அரைத்து வைத்திருந்தாள். அதைப் பனிச்சுரங்கத் தொழிலாளர்களின் கேன்டீனில் சேர்க்க இரண்டு மணி நேரப் பயணம். அந்த வெயிலில் ஏசி இல்லாவிட்டால் வண்டி அடுப்புதான். கேன்டீன் ஆரோக்கியசாமி போன வாரமே சொல்லிவிட்டான்: "அக்கா, இன்னொரு தடவ மாவு புளிச்சு வந்துச்சுன்னா, இட்லிய நிறுத்திட்டு எல்லாருக்கும் மாத்திரைச் சாப்பாடுதான்."

அன்று பார்த்து வண்டி ஏசியில் கேஸ் இறங்கியிருந்தது. தெய்வானை அசரவில்லை. வீட்டுக் கொட்டகையிலேயே குழாயைக் கழற்றி, கசிந்த ரப்பர் வளையத்தை மாற்றினாள்.

புது கேஸ் ஏற்றுமுன் குழாய்க்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் ஒட்ட உறிஞ்சி எடுக்க வேண்டும். துளி ஈரம் தங்கினாலும் உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். பூமியில் இதற்குப் பம்பு வேண்டும். நிலாவில் எதற்கு? சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வெற்றிடம்தானே! குழாயைச் சுவரிலிருந்த வெளித்திறப்பில் மாட்டித் திருகினாள். அரைமணி நேரம் காத்திருந்தாள். மீட்டர் முள் அடிமட்டத்தில் அசையாமல் நின்றது. ஒரு கசிவும் இல்லை.

கேஸ் குப்பியைப் பொருத்தியதும் வண்டிமூளை பேசியது.

"மன்னிக்கவும் அம்மா. இது அங்கீகரிக்கப்படாத வெற்றிடம். கேஸ் வழி பூட்டப்பட்டது."

"என்னது?"

"எங்கள் கம்பெனி பூமியிலிருந்து சீல் வைத்து அனுப்பும் வெற்றிடக் குப்பியை மட்டுமே பயன்படுத்தவும். அடுத்த கப்பல் பன்னிரண்டு நாளில் வரும்."

தெய்வானைக்கு வந்ததே ஆத்திரம்! "ஏன்டா, ஊரச் சுத்தி ஒண்ணுமில்லாமத்தான கெடக்கு! அந்த ஒண்ணுமில்லாததுல ஒரு குப்பிய ரொப்பி அங்கேருந்து அனுப்புவானாம், அத நான் வாங்கணுமாம்! உனக்கு மூளைன்னு எவன்டா பேரு வச்சான்?"

"உங்கள் கருத்துக்கு நன்றி அம்மா."

கணவன் மாசிலாமணி எட்டிப் பார்த்தான். "மாவு டிரம் மூடியத் தூக்குது, அங்க என்ன சண்ட?"

"சண்டையா? போன தடவ கம்பெனிக்காரன் வந்து ரிப்பேர் பண்ணானே, அந்தக் காலிக் குப்பி எங்க?"

"நீதான தூக்கிப் போட வேணாம்னு துவரம்பருப்பு கொட்டி வச்ச!"

நம் வீடுகளில் எந்த டப்பாவைத் தூக்கிப் போட்டிருக்கிறோம், சொல்லுங்கள்! அடுக்களைக்கு ஓடிய தெய்வானை பருப்போடு குப்பியைத் தூக்கிவந்து, அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை வண்டியின் கண்ணுக்கு நேரே காட்டினாள்.

"அங்கீகரிக்கப்பட்ட வெற்றிடம். மிகவும் தூய்மையானது. கேஸ் வழி திறக்கப்பட்டது. எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி அம்மா."

"பருப்புடா அது!" என்று கத்திவிட்டு, கேஸை அளவாக ஏற்றினாள். சில்லென்று காற்று வந்தது.

இரண்டு மணி நேரமும் அவள் வாய் ஓயவில்லை. ஸ்டிக்கரை நம்புகிற மூளையை, அதைச் செய்தவனை, செய்தவனைப் பெற்றவளை எல்லாம் திட்டித் தீர்த்தாள். சுரங்கத்தில் ஆரோக்கியசாமி டிரம்மைத் திறந்து மாவை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"பதம்னா பதம்! இனிமே மாத்திரப் பேச்சே கெடையாது அக்கா. தொண்ட கட்டிருச்சே, இந்தாங்க, தண்ணி குடிங்க. இப்பதான் வெட்டி உருக்கின பனி."

தெய்வானை டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். பளிங்கு மாதிரி இருந்தது. கீழே வைத்துவிட்டாள்.

"சீல் போட்ட பாட்டில் இல்லையா, தம்பி?"

"அக்கா, அந்த பாட்டில்லயும் இதே பனியத்தான் அடைக்கிறாங்க. அதோ, மெஷினே இங்கதான் ஓடுது!"

"இருக்கட்டும்பா. ஸ்டிக்கர் இருந்தா ஒரு நம்பிக்கைதான்."

கொண்டுவந்து கொடுத்தான். சீலைத் திருகி உடைத்து, மடமடவென்று குடித்துவிட்டு, காலிப் பாட்டிலைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஸ்டிக்கரை நம்பி, கையிலிருந்ததைக் கீழே வைத்தவர்கள் உண்டா? ஒளிக்காமல் எழுதி அனுப்புங்கள்.