ஒன்பது பிள்ளைக்கு ஒன்பது கதிரை

இரத்தோட்டை பஸ்ஸை விட்டிறங்கி, ஒரு கையில் கேக் பெட்டியும் மறு கையில் மகள் மதுஷிகாவுமாக டீச்சர் மரிய கொறற்றி, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு ஏறி வந்தபோது காலை பத்து மணி இருக்கும். விடிந்ததிலிருந்து மழை ஓயவில்லை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்த ஒற்றை அறைக்கு அவள்தான் டீச்சர். யேசு பாலன் பிறந்த நத்தார் விருந்து என்றால் சங்கீதக் கதிரை ஆடாமல் பிள்ளைகள் விடுவார்களா? பாட்டு நின்றதும் உட்கார இடம் கிடைக்காத பிள்ளை அவுட்.

அறையோ தீப்பெட்டி அளவு. அவுட் ஆன பிள்ளை வெளி விறாந்தையில் போய் நிற்க வேண்டும், கதவைச் சாத்திவிட வேண்டும் என்பது கொறற்றி போட்ட சட்டம். போன வருடம் முதலில் அவுட் ஆனவள் ஜெஸ்லா. நாலரை வயது. அடுத்த பாட்டு முடிவதற்குள் மேட்டு மண் சரிந்து விறாந்தையை மூடிவிட்டது.

யாரும் கொறற்றியைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தெடுத்தது.

விறாந்தையைத் திரும்பவும் கட்டிவிட்டார்கள். ஆனால் இந்த முறை ஒரு பிள்ளையும் அந்தக் கதவைத் தாண்டக்கூடாது. ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒன்பது கதிரை போட்டாள்.

"எல்லாருக்கும் கதிர இருக்கே டீச்சர், இது என்னா வெளாட்டு?" என்று டிலக்சன் மூஞ்சியைத் தூக்கினான்.

"வாய மூடிக்கிட்டுச் சுத்துடா."

பாட்டை நிறுத்தினாள். சின்னக் கால்கள் தடதடவென்று ஓடின. எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

மதுஷிகா மட்டும் நின்றாள்.

அவளுக்கு முன்னால் ஒரு கதிரை காலியாகத்தான் இருந்தது.

"அதுல உக்காரு மகள்."

"அதுல ஆள் இருக்கும்மா."

பச்சை மண் வாடை அறைக்குள் ஏறியது. காலிக் கதிரையின் விளிம்பிலிருந்து கலங்கல் தண்ணீர் சொட்டியது. பக்கத்திலிருந்த டிலக்சன் தன் கதிரையை மெல்ல இழுத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

கதவு தானாகத் திறந்தது.

"நான் அவுட்டும்மா," என்று சொல்லிவிட்டு மதுஷிகா சமர்த்தாக அதை நோக்கி நடந்தாள்.

கொறற்றி பாய்ந்து போய் மகளை இழுத்துச் சுவரோரம் நிறுத்தினாள். கதவு மூடவில்லை. எத்தனை தள்ளியும் மூடவில்லை. யாராவது ஒருவர் போயே ஆகவேண்டும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

காலிக் கதிரையைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "இவ வேணாம்மா ஜெஸ்லா. ஒனக்குப் புண்ணியமாப் போகும். நான் போறேன்."

வெளியே கால் வைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு அறைந்து மூடியது. எந்தப் பிள்ளைக்கும் எட்டாத மேல் கொண்டி உள்ளே விழுந்தது. பாட்டு மறுபடி தொடங்கியது, முன்னைவிடச் சத்தமாக.

தகரக் கூரையில் ஒரு கல் உருண்டது. பிறகு இன்னொன்று.

"மதுஷிகா! டிலக்சன்! கதவத் தொறங்க!" இரண்டு கையாலும் அடித்தாள். ஜன்னல் வழியே பார்த்தாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு சுற்றினார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

அவள் இடுப்புயரத்தில், குளிர்ந்த சின்ன விரல்கள் சேலையைப் பிடித்தன.

"நானும் தட்டினேன் டீச்சர். அன்னைக்கு ஒங்களுக்குக் கேட்டிச்சுதானே?"