கையில் காய் இல்லாமல்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பல் டாக்டர் வீட்டுப் படியில் அக்கா ஏறும்போது, வழக்கம்போலக் கிராம்பு எண்ணெய் வாசனைதான் வந்தது. கீழே கிளினிக், மேலே அவருடைய தாத்தா காலத்துக் கூடம். உயரமான கூரை, கோடையிலும் ஈரம் கசியும் வடக்குச் சுவர், நடுவில் ஒரு வட்ட மேசை. ஜன்னல்கள் ஆறு இருந்தும் வெளிச்சம் மட்டும் ஏனோ மேசை வரைக்கும் வந்து சேராது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் விளையாடுவார்கள்.

விளையாட்டு என்றால் சீட்டோ கேரமோ அல்ல, கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் போய், பகடை உருட்டி, பேசி, சண்டை போட்டு வெளியே வரவேண்டும். கதை சொல்வது அக்கா. கட்டட வரைபடம் போடும் ஆபீசில் வேலை. வாரம் முழுக்க அடுத்தவன் வீட்டுக் கழிப்பறைக்குக் கோடு போட்ட கடுப்பையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோட்டை கட்டித் தீர்த்துக்கொள்வாள். ஆடுவது மூன்று பேர்: பல் டாக்டர், கணக்கு டீச்சர், அப்புறம் அக்காவின் சொந்தத் தம்பி. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிடப் பத்து வயது மூத்த டாக்டருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள்.

தம்பி ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன். படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி, கதவை முழங்கையால் இடித்துத் திறந்து, "பிஸ்கட் எங்க?" என்றபடிதான் உள்ளே வருவான். அப்பா போன பிறகு அவனை வளர்த்தது பாதி அம்மா, பாதி அக்கா. அவனைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது போகாது. அவனுக்கு ஒன்று என்றால் தாங்கவும் மாட்டாள்.

மேசைக்கு நேராகச் சுவரில் டாக்டர் கையெழுத்தில் மூன்று விதிகள் ஒட்டியிருந்தன. முன்பு ஒருமுறை டீச்சர் கொட்டாவி விட்டுக்கொண்டே "நான் கிளம்பறேன்பா" என்று சொல்லப்போக, அதைச் சொன்னது டீச்சரா, டீச்சருடைய பாத்திரமான மந்திரக்காரியா என்று ஒரு மணி நேரம் பஞ்சாயத்து நடந்தது. அதற்குப் பிறகு எழுதியவை. கையில் காய் இருந்தால் பேசுவது பாத்திரம், காய் இல்லாவிட்டால் பேசுவது நீங்கள். சொன்னது சொன்னதுதான். கதை சொல்பவருக்குக் காய் கிடையாது.

காய் என்பது விரல் உயர ஈயப் பொம்மை. தம்பியுடையது, ஈட்டி முனை உடைந்த ஒரு சிப்பாய்.

எல்லாம் டாக்டர் வாயால்தான் ஆரம்பித்தது.

"அக்கா, உங்க வில்லனுங்க எல்லாருக்கும் மண்டையில களிமண்ணுதான்," என்றார் ஒரு நாள். "ஓன்னு கத்திக்கிட்டு வர்றான், வெட்டு வாங்கிக்கிட்டுச் சாகறான். மூளையுள்ளவனா ஒருத்தனை இறக்குங்களேன்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. இரண்டு வாரம், ஆபீஸ் மதிய இடைவேளையில் சாப்பாட்டை ஆறவிட்டு உட்கார்ந்து கோமான் என்ற வில்லனை உருவாக்கினாள். ஏழு ஊருக்கு அதிபதி. செத்து முந்நூறு வருஷமாகியும் தன் நாற்காலியை விட்டு எழ மறுத்தவர். இடது கையுறையை விரல் விரலாக உருவிய பிறகுதான் உட்காருவார். அழைக்காமல் எந்த வாசலையும் தாண்டமாட்டார். நெடுநாள் திறக்காத அலமாரி மாதிரி அவரிடம் அந்துருண்டை வாசனை அடிக்கும். யாரையும் பலவந்தமாகத் தொடமாட்டார். ஒருவர் வாய்விட்டுத் தன்னைக் கொடுத்தால் பெற்றுக்கொண்டு, அந்த உடம்பில் குடியேறுவார். உடம்புக்குச் சொந்தக்காரர் அப்புறம் எங்கே போவார் என்று ஒரு கட்டம் போட்டிருந்தாள். அதை நிரப்புவதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது.

பக்கத்தின் அடியில் இப்படி எழுதினாள்: "கோமான் விதியை மீறமாட்டார். எல்லா விதியையும் படித்திருப்பார், என்னைவிட நன்றாக."

எழுதி முடித்து அசந்துபோய்த் தன்னையே மெச்சிக்கொண்டாள், பாவம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது அவர்களுக்கு. கதை சொல்பவர் நடுவில் மாற்றிவிட்டார் என்று யாரும் குறை சொல்லக்கூடாதே. அதனால் வில்லன் அன்று என்ன செய்யப்போகிறான் என்பதை முன்கூட்டியே எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேசை நடுவில் வைத்துவிடுவாள். ஆட்டம் முடிந்துதான் பிரிக்க வேண்டும்.

நான்கு ஞாயிறு, நான்கும் கோமானுக்கே வெற்றி. ஒரு வாளைக்கூட அவர் தொடவில்லை, பேசியே கவிழ்த்தார். டாக்டர் துள்ளிக் குதித்தார். "இவன்தான்யா வில்லன்!"

அக்காவுக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தியது. கோமானாகப் பேசும்போது, பதில் என்ன என்று அவள் யோசிப்பதற்கு முன்பே அவள் வாய் சொல்லிவிடுகிறது. நாலாம் வாரம் டீச்சர் மூக்கைச் சுருக்கினாள்.

"டாக்டர், அலமாரியைத் திறந்து வச்சிருக்கீங்களா? அந்துருண்டை நாத்தம் அடிக்குது."

டாக்டர் இல்லை என்று தலையாட்டினார்.

ஐந்தாம் ஞாயிறு. கதையில், டாக்டரின் வில்லாளியும் டீச்சரின் மந்திரக்காரியும் கோமானின் விருந்துக் கூடத்தில் சிக்கிக்கொண்டார்கள். அக்கா குரலைத் தாழ்த்தி, கோமானாகக் கேட்டாள்: "இருவரையும் விட்டுவிடுகிறேன். பதிலுக்கு யாரைத் தருகிறீர்கள்?"

தம்பியின் வாய் நிறைய பிஸ்கட். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் அடுத்த பிஸ்கட்.

"சரிங்க, என்னை எடுத்துக்கோங்க. அவங்களை விட்டுடுங்க."

சிப்பாய் மேசையில் தனியாகக் கிடந்தான்.

"காயைத் தொட்டுட்டுப் பேசுடா, எருமை," என்று சிரித்தாள் டீச்சர். அக்காவும் அதையேதான் சொல்ல வாயைத் திறந்தாள்.

"மிக்க நன்றி. பெற்றுக்கொண்டேன்."

வாய்தான் அவளுடையது.

தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தான். சத்தமே வரவில்லை.

கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தான். கைக்குட்டை வைத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு எப்போது வந்தது?

பிறகு, கையுறை ஏதும் இல்லாத இடது கையின் விரல்களை, சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாக மெல்ல உருவினான்.

டாக்டர் ஆவலாக உறையைக் கிழித்தார். "விருந்து முடிந்ததும் விளக்கை அணைப்பார்" என்று ஒரே வரிதான் அவள் எழுதி வைத்தது. டாக்டர் படித்தது வேறு. "சிப்பாய்க்காரன் வாய் நிறைய பிஸ்கட்டோடு, கையில் காய் இல்லாமல் பேசுவான். அவனைப் பெற்றுக்கொள்வேன்." சந்தேகமே இல்லை, அவள் கையெழுத்துதான்.

"அக்காவும் தம்பியும் கூட்டு சேர்ந்து எங்களை முட்டாளாக்கிட்டீங்களே!" என்று கைதட்டினார் டாக்டர்.

அந்த வாரம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கோமானின் பக்கங்களையெல்லாம் சுக்கு நூறாகக் கிழித்துப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள். தம்பி இருப்பது அம்மாவோடுதான்.

"என்னடி உளர்றே? இப்பத்தான் அவனுக்குப் புத்தியே வந்திருக்கு," என்றாள் அம்மா. "தட்டை அவனே கழுவி வைக்கிறான். நான் எழுந்தா அவனும் எழுந்து நிக்கிறான். என்ன, சாப்பாட்டைத்தான் குறைச்சுட்டான்."

"அம்மா, அவன் கையைத் தொட்டுப் பாத்தியா? சில்லுனு இல்ல?"

"ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவன் கை வேற எப்படிடி இருக்கும்?"

டாக்டரிடம் போய்க் கெஞ்சினாள். "அக்கா, நான் பல்லு டாக்டர்," என்று சிரித்தாலும், அவனை வரவழைத்து நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டார். வெகுநேரம் பார்த்தார். அவன் போனதும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"போன வருஷம் இவனுக்கு நானே ரெண்டு பல்லு அடைச்சேன். இப்ப ஒரு பல்லுலயும் சொத்தை இல்ல, அடைச்ச தடமும் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கார்டு மாறியிருக்கும், அக்கா. வேற யாருக்கோ அடைச்சிருப்பேன்," என்றார்.

ஆறாம் ஞாயிறு அக்கா முன்கூட்டியே வந்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். பேரம் பேச வந்திருந்தாள். மேசையில் சிப்பாய், போன வாரம் கிடந்த இடத்திலேயே கிடந்தான்.

படியில் காலடிச் சத்தம். ஒவ்வொரு படியாக, ஒரே அளவாக வந்தது. கதவுக்கு வெளியே நின்றது.

யாரும் கதவை இடிக்கவில்லை.

"உள்ளே வரலாமா?"

தம்பியின் குரல்தான். அக்கா பதில் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிஷங்கள் போயின. சொல்லாவிட்டால் கோமானால் வரமுடியாது, இது அவளே எழுதிய விதி.

"அட, என்ன வாசல்லயே நிக்கறீங்க? உள்ள போங்க, டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்," என்று கீழிருந்து குரல் கொடுத்தார் டாக்டர். அவர் தம்பிக்கு மரியாதை கொடுத்துப் பேசியது இதுவே முதல் முறை.

கதவு திறந்தது. அந்துருண்டை வாசனை முதலில் வந்தது.

வந்தவர் உட்காரும் வரை காத்திருந்து, அக்கா இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்துக் காட்டினாள்.

"பாருங்க, கையில காய் இல்ல. நான்தான் பேசறேன்," என்று கிசுகிசுத்தாள். "அவனை விட்டுடுங்க. என்னை எடுத்துக்கோங்க."

தம்பியின் முகம் வருத்தத்தோடு சுவரைப் பார்த்தது. தம்பியின் விரல் மூன்றாம் விதியைச் சுட்டியது.

"கதை சொல்பவருக்குக் காய் கிடையாது. தாங்கள் ஆட்டத்திலேயே இல்லையே."

"உங்களை உண்டாக்கினதே நான்தானே!"

"அந்த நன்றி இருக்கிறது. அதனால் தங்களைத் தொடவே மாட்டேன்."

"அவன் எங்க?" என்றாள் அவள். "அதை மட்டுமாவது சொல்லுங்க."

"அந்தக் கட்டத்தைத் தாங்கள் நிரப்பவில்லை. நான் நிரப்பிக்கொண்டேன்." அவர் கண்கள் மேசையில் கிடந்த சிப்பாயின் பக்கம் போயின.

பாய்ந்து எடுத்தாள். ஈயம் சுட்டது, ஜுரத்தில் கிடக்கும் குழந்தையின் கை மாதிரி. உள்ளே ஏதோ துடித்தது. படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறும் அதே அவசரம். ஐயோ என் தம்பி, ஐயோ என் கண்ணு என்று நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புதுக் காயை எடுத்து, எந்த நாற்காலிக்கும் எட்டாத தூரத்தில் மேசைமேல் வைத்தார். முக்காடிட்ட ஒரு பெண். பக்கத்தில் ஓர் உறையையும் வைத்தார். பசை இன்னும் காயவில்லை.

"ஒரு விருந்தாளியை அழைத்திருக்கிறேன்," என்றார்.

படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"அப்பாடா, என்ன படிடா இது, ஏறி முடிக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு!" அம்மா வாசலில் நின்று சிரித்தாள். "பிள்ளை ஆசையா கூப்பிட்டானேன்னு வந்துட்டேன். எனக்கு உங்க விளையாட்டும் தெரியாது, விதியும் தெரியாது, ஆமா."

அவர் எழுந்து நின்று அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பேசாதே, ஒரு வார்த்தை பேசாதே, இப்படியே வீட்டுக்குப் போய்விடு என்று கத்துவதற்காக அக்கா வாயைத் திறந்தாள்.

"அக்கா, இங்க ஒரே இருட்டா இருக்கு," என்றது அவள் வாய். தம்பியின் குரல். ஐந்து வயதில் இடிக்குப் பயந்து அழுத அதே குரல். "கதவு எங்கன்னே தெரியல. யாராவது வாங்களேன்."

கையில் காய் இருந்தால் பேசுவது பாத்திரம். கீழே வைத்தால்தான் அவளால் பேசமுடியும். வைக்கத்தான் போனாள். அந்தச் சூடு அணைந்துவிட்டால் என்ன செய்வது? விரல்கள் விடவில்லை. ஒரே ஒரு நொடிதான் தயங்கினாள்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அச்சு அசல் அவனை மாதிரியே பேசறாளே இவ! இதுதான் உங்க விளையாட்டா? சரி, நானும் ஆடறேன்."

குனிந்து, அக்காவின் மூடிய கையைப் பார்த்து, செல்லமாகச் சொன்னாள்.

"பயப்படாதடா கண்ணா. இதோ, அம்மா வர்றேன்."

அம்மாவின் ஒரு கையில் பை இருந்தது. மறு கையில் குடை.