பற்றவைத்தவர் ஏற வேண்டும்

காலை எட்டு பத்து. வெயில் அடைப்புக்கு இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற யாரும் செய்வதைத்தான் அமலியும் செய்துகொண்டிருந்தாள்: ஒரு கண் பாதையில், ஒரு கண் வெப்பமானியில். பத்து மணி அடித்ததும் நிழலகத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். மாலை நான்குக்குத்தான் திறப்பார்கள். நடுவில் வெளியே மாட்டிக்கொண்டவருக்கு ஆயுசு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவளுடையது ஒற்றை இருக்கை வண்டி. பின்னால் முழுக்க மருந்துப் பெட்டிகள். முன்னால், பானெட்டுக்குள், உடன்பற்றி. வண்டியின் மின்கலத்திலிருந்தே கரண்ட் இழுத்து இரும்பை ஒட்டும் வெல்டிங் மிஷினுக்கு அரசாங்கம் வைத்த பெயர் அது. தார்ச்சாலையெல்லாம் உருகி ஓடிப்போய், ஒரு போல்ட்டு வாங்கக்கூடப் பதினான்கு மாதம் காத்திருக்கும் காலம் இது. அந்த மிஷின் இல்லாமல் மலையேறுகிறவனுக்கு மூளை கழன்றிருக்க வேண்டும்.

குறுக்குப்பாறை வளைவுக்குக் கீழே ஒரு லாரி பாதி வழியை மறித்து நின்றது. அதன் முன்சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. பார்த்ததுமே அமலிக்குப் புரிந்துவிட்டது. ஸ்டியரிங் ராடு முறிந்திருக்கிறது.

லாரி நிழலில் பன்னிரண்டு பேர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். சூரியத்தகடு துடைக்கும் வேலைக்குப் போகிற ஆட்கள். நிழலகம் மேலே பன்னிரண்டு கிலோமீட்டர். நடந்தால் பாதி வழியிலேயே வெந்துவிடுவார்கள்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க டிரைவர் ஓடிவந்தார். "தங்கச்சி, மிஷின் இருக்குதா? நான் தீர்த்தகிரி. எம் மிஷினு போன வாரமே புகைஞ்சுபோச்சு. காலங்காத்தால இருந்து ஒரு வண்டி கூட வரலம்மா!"

"இருக்கு அண்ணே. மொதல்ல பேட்டரி ஒயர கழத்துங்க. அந்த மூளைப்பெட்டி ஒயரையும் பிடுங்கிருங்க. இல்லன்னா நான் பத்தவைக்கிற கரண்டுல ஒங்க லாரி புத்தி கெட்டுப்போயிரும்."

முறிந்த ராடைக் கழற்றாமலே இரண்டு முனையையும் அராவி, பக்கத்தில் எர்த் கிளாம்பைக் கடிக்கவிட்டாள். கையுறையை மாட்டினாள். இனி வழக்கப்படி பெயர் சொல்ல வேண்டும். பாதைச் சட்டத்தின் முதல் விதி அது. இரண்டாவது விதிதான் எல்லோருக்கும் மனப்பாடம்: பற்றவைத்தவர் ஏற வேண்டும். அடுத்த நிழலகம் வரை தான் ஒட்டிய வண்டியிலேயே உட்கார்ந்து வரவேண்டும். ஒரு காலத்தில் அரைகுறையாக ஒட்டிக் காசு வாங்கிக்கொண்டு போனவர்களால் பள்ளத்தில் விழுந்த வண்டிகள் கொஞ்சநஞ்சமல்ல. அதற்காக வந்த சட்டம். ஒட்டு விட்டால் ஒட்டியவருக்கும் அதே பள்ளம்தான்.

"பத்தவைக்கிறது அமலி. எட்வின் வீட்டுக்காரி."

நிழலில் உட்கார்ந்திருந்தவர்களிடையே முணுமுணுப்பு கிளம்பியது. "எந்த எட்வின்? இந்த வளைவுல போனாரே, அவரா?" என்றாள் ஒரு பெண். "ஐயோ, அந்தக் கையாலயா?"

அமலிக்குக் காது சுட்டது. மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற பேச்சு. எட்வின் ஒட்டிய ராடு இதே வளைவில் விட்டது. எட்வினும் அந்த லாரி டிரைவரும் போய்ச் சேர்ந்தார்கள். 'ஒட்டு விட்டது, பற்றவைத்தவர் எட்வின்' என்று பதிவேட்டில் எழுதினார்கள். அதிலிருந்து எந்த வண்டிக்காரனும் அவளைத் தன் இரும்பைத் தொட விட்டதில்லை. இன்றைக்கு இவர்களுக்கு வேறு கதியில்லை, அவ்வளவுதான்.

தீர்த்தகிரி கழற்றிய ஒயரைக் கையிலேயே சுருட்டிக்கொண்டு நின்றார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. பயந்துவிட்டார் மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எட்டு நாற்பதுக்கு ஒட்டு முடிந்தது. மேலே ஒரு குழாய்த் துண்டைப் பிளந்து போர்த்தி அதையும் பற்றவைத்து, கசடைத் தட்டி, தகர டப்பாவிலிருந்த சாம்பலைத் துணியில் கட்டி ஒட்டைச் சுற்றி மூடினாள். "நாப்பது நிமிஷம். தானா ஆறணும். யாரும் தொடப்பிடாது."

வெப்பமானி நாற்பத்தாறைத் தாண்டியது. ஒருத்தர் இருமினார், ஒருத்தர் அழுதார். அமலி தன் வண்டியின் கூலிங்கை ஏற்றி மருந்துப் பெட்டிகளைப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். தீர்த்தகிரி தண்ணீர்க் கேனோடு லாரிக்கடியில் குனிந்திருந்தார். ஒரு கையால் துணியை லேசாக விலக்கி, மறுகையால் கேனைச் சாய்க்கப் போனார்.

பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஐயோ, என்ன செய்யுதீங்க! தண்ணி பட்டா ராடு கண்ணாடியாப் போயிரும். முதல் வளைவுலயே முறியும்!"

"நேரமில்லம்மா... பன்னெண்டு உசுரு..."

அவள் பிடியை விடவில்லை. துணியைக் கலைக்காமல், சாம்பல் சிந்தாமல் விலக்கியிருந்த விதத்தைப் பார்த்தாள். புதிதாகச் செய்கிற கை அல்ல அது.

"இதுக்கு முன்னால எப்ப செஞ்சீங்க?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு நான் லோடு மேல வந்த ஆளும்மா. ஒங்க வீட்டுக்காரரு முகம் கழுவப் போயிருந்தாரு. டிரைவரு அவசரப்படுத்துனாரு. நான்தான் ஊத்துனேன். சுர்ருன்னு வந்த சத்தம் அடங்குனதும் சாம்பல போட்டு மூடிட்டேன். வளைவுல நான் குதிச்சிட்டேன்."

கேனாலேயே அவர் மண்டையைப் பிளக்க வேண்டும் போலிருந்தது அமலிக்கு. அவளுடைய வண்டி பத்தடியில் நிற்கிறது. ஏறிப் போய்விட்டால் கேட்க நாதியில்லை. லாரிக்கு அந்தப்பக்கம் இருமல் சத்தம் மறுபடியும் கேட்டது.

கேனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ராடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. அதுவரைக்கும் நீ மூச்சு காட்டாத."

ஒன்பது இருபதுக்கு, அமலியின் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் லாரியில் ஏறினார்கள். கேன் அவள் மடியிலேயே இருந்தது. குறுக்குப்பாறை வளைவில் லாரி இடதுபக்கம் சாய்ந்தபோது ராடு ஒருமுறை முனகியது. பின்னால் யாரோ கூவினார்கள். அமலி கண்ணை மூடவில்லை. எட்வின் கடைசியாகப் பார்த்த பள்ளத்தை அவளும் முழுசாகப் பார்த்தாள். சக்கரம் திரும்பியது. லாரி மேலேறியது.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு நிழலகத்துக்குள் நுழைந்தார்கள். வாசலில் பதிவாளர் கனகமணி காகிதப் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். திரைக்கருவிகள் இந்த வெயிலில் ஒரு மாதம் தாங்காது.

"பற்றவைத்தவர்?"

"அமலி," என்றாள்.

"ஒட்டு?"

"நின்னுச்சு."

கனகமணி எழுதினார். அமலி நகரவில்லை. தீர்த்தகிரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று நடந்ததைச் சொன்னால் லைசென்ஸ் போகும், இந்தப் பாதையில் பிழைப்பே போகும் என்று அவருக்குத் தெரியும். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றார் தீர்த்தகிரி கனகமணியிடம். "மூணு வருஷத்துக்கு முந்தி எழுதுன பக்கத்த எடுங்க. எட்வின் வெச்ச ஒட்டு நல்ல ஒட்டு. சூட்டுல தண்ணி ஊத்துனது நான்."

பன்னிரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கனகமணி பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, மேலும் கீழும் பார்த்தார்.

"பத்தவெச்சவர் பேருக்குக் கட்டம் இருக்கு. ஒட்டு நின்னதா, விட்டதான்னு இருக்கு. இத நான் எங்க எழுதுறது? இதுக்குக் கட்டமே இல்லையே."

அமலிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரும்பில் குறிபோடும் சிவப்பு மெழுகுக்கட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தாள். எட்வின் பெயருக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்துப் புதுக் கட்டம் போட்டாள். அதன் தலைப்பில் எழுதினாள்: ஆறும்வரை பொறுக்காதவர்.

மெழுகுக்கட்டியைத் தீர்த்தகிரியிடம் நீட்டினாள்.

"ஒன் பேர எழுது."