கழுவி வைத்த அரைகல்

காலை எட்டு மணி. ஆய்வுக்கூடத்து அலமாரியைத் திறந்த தங்கை அப்படியே நின்றுவிட்டாள். மண்ணோடு பத்திரப்படுத்திய பழைய அரைகல்லை யாரோ பளிச்சென்று கழுவி வைத்திருந்தார்கள்.

அவளுடைய அண்ணன் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். சொல்லியனுப்பியதும் வந்துவிட்டார். அகழாய்வுக் குழியின் அடியில் கிடைத்த கல் அது. கண்ணுக்குத் தெரியாத தினைமாவு அதில் ஒட்டியிருந்தால், அங்கே எவ்வளவு காலம் முன்பே பயிர் வைத்தார்கள் என்பது தெரிந்துவிடும். நாளை வரும் ஆய்வுக் குழுவுக்கு அதைக் காட்டாவிட்டால் குழியை மூடிக் கட்டடம் எழுப்பிவிடுவார்கள்.

"பூட்டு உடையல. சாவி யார்கிட்ட இருக்கு?"

உதவியாளப் பெண், புகைப்படக்காரர், மேலாளர். அண்ணனுக்கு மூவர்மேலும் சந்தேகம், தங்கைமேலும் கொஞ்சம். அலமாரியை நோண்டியதில் தகரம் அவர் விரலைக் கிழித்தது. மேலாளர் தன் அறைக்குக் கூட்டிப்போய், முதலுதவிப் பெட்டியிலிருந்த கையுறையை மாட்டிக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டினார். ரத்தமென்றால் ஆகாதாம்.

திரும்பி வந்தால் தங்கை நுண்ணோக்கி முன்னால் வெளிறிப்போயிருந்தாள். கல்லின் மேற்பரப்பில் தினை இல்லை, மக்காச்சோள மாவு இருந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கமே வராத பயிர்.

"நானே தூவிட்டேன்னு சொல்லுவாங்கண்ணா."

மக்காச்சோள மாவு இங்கே எப்படி வரும் என்று அவர் குடைந்தார். இங்கே யாரும் சாப்பிடக் கூடாது. கையுறைகூடக் கூடாது, அதில் சிலவற்றில் இதே மக்காச்சோள மாவைத் தடவியிருப்பார்கள், நன்றாகக் கழுவிய வெறுங்கைதான் என்றாள். புகைப்படக்காரர் வேலைக்கு வந்த முதல் நாள் ஒரு பெட்டி கையுறை கொண்டுவந்து உதவியாளப் பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

அண்ணனுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறியது. பிளாஸ்திரியைப் பிய்த்து நீட்டினார்.

"இதப் பாரு."

பார்த்தவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அதே மாவு!"

மூவரையும் வரச்சொன்னார். "கழுவினவன் கைரேகை விழக்கூடாதுன்னு கையுறை மாட்டியிருக்கான். இவங்க ரெண்டு பேரும் அத ஜென்மத்துக்கும் தொடமாட்டாங்க. இந்தக் கூடத்து வழக்கம் தெரியாத ஆளு நீர் ஒருத்தர்தான்யா. என் விரல்லயே எழுதிக் குடுத்துட்டீர்."

குழியை மூடித் தருவதாகக் கட்டடக்காரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக மேலாளர் முனகினார். பிறகு வீம்பாகச் சொன்னார்: "அதான் கழுவியாச்சே. இனி என்னத்தக் காட்டப்போறீங்க?"

தங்கை காதில் வாங்கவில்லை. துளைக்குள் ஒட்டியிருப்பதை அதிர்வால் உதிர்க்கும் தண்ணீர்த் தொட்டியில் கல்லை இறக்கிக்கொண்டிருந்தாள். மேலே தேய்த்த கை கல்லின் நுண்துளைக்குள் போயிருக்காது. மாலையில், அடியில் படிந்த வண்டலை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்தாள். நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, தினை. கொத்துக் கொத்தா இருக்கு."

"நீ சொன்னா நம்பிடணுமா? தள்ளு."

ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தவர், குழுவுக்குக் காட்டப் படமெடுக்க வேண்டும் என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தும் நிமிரவில்லை.