ஸ்டாச்சு சொன்ன சாயங்காலம்

"லைட்டை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது!"

மதுமதி கத்தியது டிரம்ஸ் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. லைட் போர்டுக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்தான். அடேயப்பா... என்ன கண்கள்! திட்ட வந்தவள் திட்டவே மறந்தாள்.

"கூட்டம் ஆடத்தாங்க வந்திருக்கு... உங்க போட்டோவுக்கு இல்ல," என்றான். வழக்கமான லைட்காரருக்குக் காய்ச்சல் என்று இன்று ஒருநாள் மட்டும் வந்தவன். பெயர் ஜெரால்ட். சிரிப்பு வேறு!

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறும் இடத்தில் புதிதாகத் திறந்த மொட்டைமாடி ரெஸ்டாரண்ட் அது. சனிக்கிழமை சாயங்காலப் பாட்டுக் கச்சேரி. ஏற்காட்டுப் பக்கமிருந்து தூறல் இறங்க, திறந்தவெளியில் உட்கார்ந்திருந்தவர்களும் மேடைப் பக்கத்துக் கூரைக்கு அடியில் ஓடி வந்தார்கள். எள் போட்டால் எள் விழாது!

இந்தக் கூட்டத்தைத்தான் அவள் படம் பிடிக்க வேண்டும். மேடை வெளிச்சத்தில் பாடகி முகம் வெளுத்துப் போகக்கூடாது. மூலை மேசைக்காரர்கள் இருட்டில் மறையவும் கூடாது. அதற்குத்தான் ஹெச்.டி.ஆர். ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று எடுத்து, மூன்றையும் சேர்க்க வேண்டும். இடையில் யாராவது அசைந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு தலை! லைட் மாறினால் மூக்கு சிவப்பு, காது நீலம்! போன வாரம் அந்தக் கூத்துதான் நடந்தது. "இன்னைக்கு ஒரு சான்ஸ்தாம்மா," என்று சொல்லிவிட்டார் முதலாளி சென்னியப்பன். நல்ல படம் கிடைத்தால் நாமக்கல் ரோட்டில் பெரிய பேனர்.

கிடைக்காவிட்டால்? புதுச்சத்திரத்தில் அப்பாவின் கோழிப்பண்ணை ஆபீஸ் நாற்காலி காத்திருந்தது. "உன்ற படம் ரோட்டுல நிக்கட்டும் சாமி, அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்," என்று சவால் விட்டிருந்தார் அப்பா. தோற்றுத் திரும்ப அவள் தயாராக இல்லை.

"ஏனுங்க, நாலே செகண்டு லைட்டை அப்படியே நிறுத்துங்க."

"நிறுத்தினா லைட் கெட்டுப்போச்சுன்னு என்னைத்தான் கத்துவாங்க. முதல்ல கூட்டத்தை நிறுத்திக் காட்டுங்க... அப்புறம் நான் நிறுத்துறேன்."

திமிரைப் பார்! கெஞ்சுவேன் என்று நினைத்தானா?

மேடை ஓரத்தில் கேமராவை ஸ்டாண்டில் இறுக்கினாள். ரிமோட்டைக் கையில் எடுத்தாள். பாட்டு முடிந்ததும் பாடகியிடம் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"எல்லாரும் சின்ன வயசுல வெளையாடியிருப்பீங்க... நான் சொன்னதும் அப்படியே நிக்கோணும். அசைஞ்சவங்க அவுட்டு! ஸ்டாச்சு!"

நின்றது பாருங்கள் கூட்டம்! கைகள் காற்றில்... ஜூஸ் கிளாஸ் உதட்டில்... வாய்க்குப் பாதி வழியில் சில்லி சிக்கன்! சொன்ன சொல் தவறாமல் லைட்டும் நின்றது.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

லேப்டாப்பில் மூன்றையும் சேர்த்தபோது மதுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை முகமும் கண்ணாடி மாதிரித் தெளிவு! ஆனால்... லைட் போர்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு உடம்புக்கு மூன்று தலை. ஒன்று போர்டைப் பார்க்கிறது. ஒன்று பாதி திரும்புகிறது. மூன்றாவது... நேராக அவளையே பார்க்கிறது. அவளுக்கு முகம் சூடேறியது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"இத்தனை பேரும் நின்னாங்க. நீங்க மட்டும் ஏனுங்க அசைஞ்சீங்க?"

அவன் சிரிப்பு எங்கோ காணாமல் போயிருந்தது.

"கை லைட்டைப் பிடிச்சுக்கிட்டுதாங்க இருந்துச்சு... கண்ணு கேக்கல."

வெளியே தூறல் வலுத்தது. மதுமதி அந்த மூன்று தலையையும் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இதுல ஒரு முகத்தைத்தான் வெக்க முடியும். எதை வெக்கட்டுங்க?"

"போர்டைப் பாக்குறதை வெச்சிருங்க," என்றான் மெல்ல. "மூணாவதை வெச்சா, எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குன்னு பேனர் பாக்குற எல்லாருக்கும் தெரிஞ்சுரும். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க... உங்க வீட்ல பிரச்சினையாயிடும்."

மதுமதி மூன்றாவது முகத்தைத் தேர்ந்து, படத்தைச் சேமித்தாள்.

"எங்கப்பா தெனமும் அந்த ரோட்டுலதாங்க போறாரு. 'ஆரு சாமி இந்தப் பையன், ஆரை இப்படிப் பாக்கறான்'னு கேப்பாரு."

"ஐயோ... கேட்டா?"

"கேக்கோணும்னுதானுங்க வெக்கறேன். 'என்னையத்தாம்ப்பா... எனக்கும் அவரைப் புடிச்சிருக்கு'ன்னு அப்புறம் எப்படிச் சொல்றதாம்?"