வடித்தெடுத்த நாவல்

மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் அலுவலக உணவகத்தில் எல்லோரும் காதுக்குப் பின்னால் சுவைவில்லையை ஒட்டிக்கொள்வார்கள். பீடா போடுகிற அதே சாவகாசம். கண்ணை மூடுவார்கள். ஒருவர் விசும்புவார், பக்கத்திலேயே இன்னொருவர் ஏப்பம் விடுவார். கைகழுவப் போகும்போது, "என்ன நாவல் சார், அப்படியே உருக்கிருச்சு!" என்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர்கள் ஒட்டிக்கொள்வது நான் வாசித்ததை.

என் பெயர் பூங்கோதை. சம்பளத்துக்கு வாசிப்பவள். யாருக்கும் பக்கம் புரட்டப் பொறுமையில்லாத காலம் இது. அதனால் எங்களைப் போன்ற சிலர் நெற்றியில் உணர்பட்டியைக் கட்டிக்கொண்டு முழுப் புத்தகத்தையும் வாசிப்போம். சென்சார் பேண்ட் என்றும் சொல்வார்கள். எங்களுக்குள் ஊறுகிற சுகத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். நிறுவனம் சலிப்பை வடிகட்டிவிட்டு, மீதியை வில்லைகளில் அடைத்து விற்கும்.

இந்த முறை ஒரு பழைய ரஷ்ய நாவல். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடி. தொடக்கத்தில் பைத்தியம் பிடிக்கும். ஒரே ஆளுக்கு அப்பா பெயரோடு ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒன்று, ஊருக்கு ஒன்று. கல்யாண வீட்டில் புது உறவுக்காரர்களைப் பார்க்கிற மாதிரிதான். பந்தி முடிவதற்குள் யார் யாரென்று தானாகப் பிடிபட்டுவிடும். ஸாவெலி பெத்ரோவிச் என்ற கிழட்டு நில அளவையாளர் அப்படித்தான் எனக்கு ஸாவா ஆனார். தேநீர் ஆறும்வரை கடவுளைத் திட்டுவார். தன் நொண்டிக் குதிரையிடம் மன்னிப்புக் கேட்பார். பக்கம் பக்கமாக ஒன்றுமே நடக்காது, பனி பெய்யும். அந்த ஒன்றுமில்லாததில்தான் ருசி இருந்திருக்க வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பட்டி உறிஞ்சியது வாசித்தவரிடம் தங்காது. நடந்ததெல்லாம் நினைவிருக்கும், சுகம் போய்விடும். வேலையில் சேரும்போதே சொன்னார்கள்: கதை உங்களுக்கு, சுவை எங்களுக்கு.

நேற்று மேலாளர் கோதண்டராமன் வாசிப்பறைக்கு வந்தார்.

"கடைசி அத்தியாயம்மா. ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நல்லா அழுங்க. போன தடவை அழுகை கொஞ்சம் தண்ணியா இருந்துச்சுன்னு ஒரே புகார்."

பால்காரரிடம் குறை சொல்வதைப்போலச் சொன்னார். அருவருப்பு தாங்கவில்லை. இந்த ஒரு அத்தியாயமாவது எனக்கே எனக்கு இருக்கட்டும், வேலை போனால் போகட்டும் என்று பட்டியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பால்கனியில் உட்கார்ந்து வாசித்தேன். பனிப்புயலில் குதிரையைத் தேடிப் போகிறார் ஸாவா. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டபடியே விறைத்துச் சாகிறார்.

நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்ப ஒருமுறை வாசித்தேன். யாரோ ஒரு கிழவர், ஏதோ ஒரு குதிரை. அப்போதுதான் புரிந்தது. கடைசி அத்தியாயத்தில் அழுவதற்கு, அதற்கு முன்னால் அத்தனை பக்கமும் அவரை நேசித்திருக்க வேண்டும். நேசித்துத்தான் இருந்தேன். அதையெல்லாம் உணவகத்தில் ஏப்பம் விடுபவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன்.

என் கணவன் மதிவாணன் வந்தான். நான் வாசித்த அத்தியாயங்களை அன்றன்றைக்கே வில்லையாக ஒட்டிக்கொள்பவன். மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"முடிச்சிட்டியா? ஸாவா என்ன ஆனாரு கோதை?"

"செத்துட்டாரு. குதிரையைத் தேடிப் போய், பனியில."

காலணியைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ... அந்தக் குதிரைகிட்ட எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருப்பாரு! உனக்கு ஒண்ணுமே தோணலியா? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே!"

தோள் குலுங்கக் குலுங்க அழுதான். என் சேலைத் தலைப்பை இழுத்து மூக்கைச் சிந்தினான். தலைப்பை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அந்த அழுகை முழுக்க என்னுடையது. சளி மட்டும்தான் அவனுடையது.